மரக்கட்டைமேல் 60 விநாடி: சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கான உடல்திறன் சோதனை

"இன்னிக்கு ஸ்கூல்ல மரக்கட்டை மேல ஒத்தக்கால்ல நிக்கச் சொன்னாங்க" என்று உங்கள் பிள்ளை வந்து சொன்னால், பி.டி. வாத்தியார் தண்டனை கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குக் கிளம்பிவிடாதீர்கள். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் உடல்திறன் சோதனையாக இருக்கலாம். 2019-இல் இதற்கு ஒரு கைபேசிச் செயலியும் வந்தது. ஆசிரியர்கள் அளவுகளை அதில்தான் ஏற்றுகிறார்கள்.

50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் எல்லாம் நான்காம் வகுப்பிலிருந்துதான். 5 முதல் 8 வயதுவரை, அதாவது ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புவரை, மூன்றே சோதனைகள்.

முதலில் உயரமும் எடையும் பார்த்து பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்ணைக் கணக்கிடுவார்கள். 115 செ.மீ. உயரம், 20 கிலோ எடை என்றால் 15 வரும். பெரியவர்களுக்கு 18.5-க்குக் கீழே போனால் எடை போதாது என்பார்கள். அதை வைத்துக்கொண்டு 6 வயதுப் பிள்ளையைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த வயதுக்கு 15 சரியான அளவுதான். குழந்தைகளுக்கு வயதும் பாலினமும் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது அந்த ஒற்றைக்கால் சோதனை. கோடியக்கரைக்கு வலசை வரும் பூநாரையின் (ஃபிளமிங்கோ) பெயர்தான் இதற்கும். குறுகலான கட்டைமேல் ஒரு காலில் நின்று, மற்றக் காலை முழங்காலில் மடக்கிப் பின்னால் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். 60 விநாடியில் எத்தனை தடவை சமநிலை தவறுகிறது என்பதுதான் கணக்கு. கட்டையிலிருந்து இறங்கினாலும், பிடித்த காலை விட்டாலும் தவறியதாகவே கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்டாப்வாட்சை நிறுத்திவிட்டு, பிள்ளை மறுபடி ஏறி நின்றதும் ஓட விட வேண்டும். நின்ற நேரம் மட்டும் 60 விநாடி ஆக வேண்டும். இதைக் கவனிக்காமல் வாட்சை ஓட விட்டால், தடுமாறும் பிள்ளைக்கு நிற்கும் நேரமே குறைந்து, எண்ணிக்கையும் குறைவாக வந்துவிடும். முதல் 30 விநாடிக்குள் 15 தடவைக்கு மேல் தவறினால் சோதனையை அத்தோடு முடித்துவிடுவார்கள்.

மூன்றாவது கை வேகம். மேசையில் இரண்டு வட்டத் தட்டுகள், மையத்துக்கு மையம் 60 செ.மீ. இடைவெளி. நடுவில் ஒரு கை அசையாமல் இருக்க, பழக்கப்பட்ட கையால் அதைத் தாண்டித் தாண்டி இரண்டையும் மாறி மாறித் தட்ட வேண்டும். 25 சுற்று, மொத்தம் 50 தட்டு. அதற்கு எத்தனை விநாடி ஆனது என்று குறிப்பார்கள். மேசை உயரமாக இருந்தால் குள்ளமான பிள்ளைக்கு வீண் நஷ்டம். அதை முதலில் சரிசெய்துவிட வேண்டும்.

எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. பந்தை எறிவது, பிடிப்பது, குதிப்பது, நொண்டியடிப்பது எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை தடவை கால் இறங்கியது என்று எண்ணுகிறார்களே தவிர, பிள்ளை எப்படி அசைகிறாள் என்று பார்ப்பதில்லை. அதை பி.டி. பீரியடில் வாத்தியார் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இது பாஸ், ஃபெயில் போடும் பரீட்சையும் அல்ல. பள்ளியில் கேட்கும்போது "நல்லா பண்ணினாளா?" என்று கேட்காமல், எத்தனை தடவை தவறினாள், 25 சுற்றுக்கு எத்தனை விநாடி என்று கேட்டுத் தேதியோடு குறித்து வையுங்கள். அப்புறம் அடுத்த வருஷ அளவை அதோடு ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அல்ல.