நிமோனிக்: பட்டனில் கோடு போட்ட எழுத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

'சேவ்' என்ற பட்டனில் எஸ் எழுத்துக்கு அடியில் மட்டும் சின்னதாக ஒரு கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். விண்டோஸில் ஆல்ட்டைத் தொடும்வரை அது மறைந்தே கிடக்கும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எஸ்ஸைத் தட்டினால், மவுஸால் அந்தப் பட்டனைச் சொடுக்கிய மாதிரியே வேலை நடந்துவிடும். இந்தக் கோடு போட்ட எழுத்துதான் நிமோனிக். ஆக்சஸ் கீ என்றும் சொல்வார்கள்.

கன்ட்ரோல் + எஸ் வேறு சங்கதி, அதற்குப் பெயர் அக்சலரேட்டர். நாம் இரண்டையும் சேர்த்து 'ஷார்ட்கட்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நிமோனிக் திரையில் கண்ணுக்குத் தெரிகிற பட்டனுக்கோ மெனுவுக்கோ மட்டும்தான். அக்சலரேட்டருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, மெனு மூடியே இருந்தாலும் கட்டளை ஓடும்.

ஜாவா மொழியில் பட்டன், மெனு எல்லாம் செய்யத் தரும் ஸ்விங் என்ற நிரல் தொகுப்பில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நிமோனிக் வைக்கும் செட்நிமோனிக் என்ற கட்டளை பட்டனுக்கும் உண்டு, மெனு ஐட்டத்துக்கும் உண்டு. செட்அக்சலரேட்டர் மெனு ஐட்டத்துக்கு மட்டும். புதிதாக எழுதுகிறவர்கள் பட்டனில் அதைத் தேடித் தேடிப் பார்ப்பார்கள், இருக்காது. பட்டனுக்கு கன்ட்ரோல் + எஸ் வேண்டுமென்றால் இன்புட்மேப் என்ற பட்டியலில் விசையையும் ஆக்‌ஷன்மேப் என்ற பட்டியலில் செயலையும் பதிந்து, இரண்டையும் ஒரே பெயரால் கோத்துவிட வேண்டும். ஓகே, கேன்சல் இரண்டுக்கும் எழுத்தே தேவையில்லை, என்டரும் எஸ்கேப்பும் அதற்குத்தானே இருக்கின்றன.

கோடு போடுவது எளிது. விண்டோஸிலும், ஸ்விங் மாதிரியே பட்டன், மெனு செய்ய உதவும் க்யூட்டியிலும் எழுத்துக்கு முன்னால் & போடுவார்கள், அதே மாதிரி இன்னொரு தொகுப்பான ஜிடிகேயில் அடிக்கோடு. பட்டனில் நிஜமாகவே & தெரிய வேண்டுமானால் இரண்டு முறை போட வேண்டும், மறந்தால் அது காணாமல் போகும். ஜி, ஒய் மாதிரி கீழே வால் நீளும் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கோடு வாலோடு கலந்துவிடும்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் 'ம்னேமே' என்றால் நினைவு. நினைவுக்கான தெய்வத்தின் பெயர் ம்னெமோசைன். அந்த 'ம்' ஆங்கிலத்தில் எழுத்தாக நிற்கிறது, உச்சரிப்பில் கிடையாது. நினைவில் நிற்க உதவுவதெல்லாம் நிமோனிக்தான், அசெம்ப்ளி மொழியில் எண் கட்டளைகளுக்குப் பதிலாக எழுதும் ஆட், மூவ் எல்லாம் உட்பட. அக்சலரேட்டர் லத்தீன் வழி வந்தது, 'கெலெர்' என்றால் வேகமான.

தமிழில் அக்சலரேட்டரை 'முடுக்கு விசை' என்று பெயர்த்தால் இயற்பியல் படித்தவர் வேறெதையோ நினைப்பார், ஏனென்றால் பள்ளிப் புத்தகத்தில் விசை என்றால் தள்ளுவது இழுப்பது. 'குறுக்குவழி' டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஐகானுக்குப் போய்விட்டது (அதுவும் 'குறுக்கு வழியில் சம்பாதித்தான்' என்ற வாடையோடு). அதனால் அக்சலரேட்டருக்குக் 'குறுக்கு விசை' என்பது என் தேர்வு. நிமோனிக்குக்கு 'நினைவெழுத்து'. 'நினைவூட்டி' வேண்டாம், அது ரிமைண்டருக்கு வேண்டும். 'அணுகுவிசை' தப்பில்லை, ஆனால் பட்டனின் பெயருக்குள்ளேயே இருக்கும் ஓர் எழுத்து என்பது அதில் வரவில்லை.

பெயர் வைத்துவிடலாம், தமிழ் பட்டனில் கோடு எங்கே போடுவது? 'கோப்பு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் கோ என்பது க, அப்புறம் ஓகாரக் குறி, ஆக இரண்டு துண்டு. திரையிலோ கொம்புக்கும் காலுக்கும் நடுவில் க உட்கார்ந்திருக்கிறது. க-வுக்கு மட்டும் கோடு போட்டால் பார்க்கவே விநோதமாக இருக்கும். போட்டாலும் எந்த விசையைத் தட்டுவது? தமிழ்99 விசைப்பலகை வைத்திருப்பவருக்கு க எச் விசையில் இருக்கிறது, ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவருக்கு கே விசையில். திற, தேடு, தொடர் மூன்றும் ஒரே பெட்டியில் வந்தால் த-வுக்கு அடிதடி வேறு. இதனால்தான் தமிழாக்கிய லினக்ஸ் செயலிகளில் 'கோப்பு' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எஃப்பை வைத்து அதற்குக் கோடு போடுகிறார்கள். ஜப்பானிய மொழியிலும் இதே வழக்கம்தான். அழகாக இல்லை, ஆனால் எந்த விசைப்பலகையிலும் கை அந்த எஃப்பைக் கண்டுபிடித்துவிடும்.