சுமை இழுக்க ஆட்டோமேட்டிக் தாங்குமா?

"மலை ஏறணும், பின்னாடி டிரெய்லர் வேற, அதனால மேனுவல்தான் எடுக்கப்போறேன்." யோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் கேள்வியையே ஆரம்பிக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் என்றால் இழுவை கிடையாது என்ற நினைப்பு பழைய நான்கு கியர் பெட்டிகள் காலத்தில் வந்தது, அப்போது அதில் நியாயமும் இருந்தது.

இன்று கம்பெனி போடும் எண்களையே பாருங்கள். ஸ்கார்பியோ-என் 175 பிஎஸ் டீசலில் மேனுவலுக்கு 370 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் திறன்), ஆட்டோமேட்டிக்குக்கு 400. ஃபார்ச்சூனர் 2.8 டீசலில் மேனுவலுக்கு 420, ஆட்டோமேட்டிக்குக்கு 500. எஞ்சின் ஒன்றுதான், மேனுவலில் கிளட்சும் பெட்டியும் தாங்கும் அளவுக்கு அடக்கி விடுகிறார்கள். டிரெய்லர் இழுப்பது அன்றாட வேலையாக இருக்கும் அமெரிக்காவில் ராம் 3500 டீசலுக்கு 2018 மாடலோடு மேனுவலையே நிறுத்திவிட்டார்கள். ஓட்டும் ருசி வேறு விஷயம், அதில் நான் தலையிடமாட்டேன்.

உண்மையான எதிரி சூடு. கொண்டை ஊசி வளைவில் சுமையோடு நின்று, ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தூக்கி, மறுபடி நின்று, இப்படியே ஏறி வந்த மேனுவல் வண்டியின் கியர் பெட்டியை இறக்கினால் முதலில் கருகல் நாற்றம்தான் வரும். கிளட்ச் பிளேட் லைனிங் கண்ணாடி போல வழவழவென்று இருக்கும், பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்திருக்கும், ஃபிளைவீலில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் உராயும் பிளேட் இல்லை, ஆயில்தான் விசையைக் கடத்துகிறது, வண்டி நகரத் தொடங்கும்போது டார்க்கை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியும் கொடுக்கிறது. சூடு அந்த ஆயிலுக்குப் போகும். அதனால் சுமை இழுப்பவர்கள் 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்ற பேச்சை நம்பாதீர்கள். சிவப்பு ஆயில் பழுப்பாகிக் கருகல் வாடை அடித்தால் பெட்டி அடிவாங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் செலவு லட்சத்தைத் தொடும். கிளட்ச் செட் என்றால் எந்த ஊர் மெக்கானிக்கும் மாற்றிவிடுவார், அந்த வகையில் மேனுவல் இன்னும் ஏழைக்குத் துணை.

ஆனால் பின்னால் ஆட்டோமேட்டிக் என்று ஒட்டியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஏஎம்டி என்பது உள்ளே அதே மேனுவல் பெட்டி, அதே கிளட்ச் பிளேட், உங்கள் காலுக்குப் பதில் மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் ஏஎம்டியிலும், இரண்டு கிளட்ச் வைத்த டிசிடி பெட்டியிலும் கிளட்ச் வெந்துவிடும். சுமை இழுக்க இவை இரண்டையும் நான் சொல்லமாட்டேன்.

இறக்கம் தனி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் டி-யில் போட்டு பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால், சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். ஆட்டோமேட்டிக்கிலேயே இருக்கும் மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாம் கியரிலோ, ரொம்பச் செங்குத்தென்றால் ஒன்றிலோ பூட்டுங்கள்.

இன்னொன்று, ஆட்டோமேட்டிக் நடுவழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். பெரும்பாலான பெட்டிகளில் ஆயில் பம்ப் எஞ்சினோடுதான் சுற்றும். எஞ்சின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் தேயும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள்.