திரும்பி வந்த மெயிலை உடனே அழித்துவிடாதீர்கள்

கோடை சீசன் தொடங்கியிருந்த நேரம். காலை ஏழு மணிக்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். நாலு ரூம் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவர். "தம்பி, ராத்திரி படுக்கும்போது பதினோரு மெயில்தான் இருந்துச்சு. இப்போ ஆயிரத்து முந்நூறு இருக்கு. அழிக்க அழிக்க வந்துக்கிட்டே இருக்கு!"

"அழிக்கறதை நிறுத்துங்கக்கா. லேப்டாப்புல வைஃபையை ஆஃப் பண்ணிடுங்க. நான் கிளம்பி வர்றேன்" என்றேன்.

குன்னூரில் இருபது வருடத்துக்கும் மேலாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இப்படிப்பட்ட வெள்ளம் வந்தால் எல்லோரும் முதலில் செய்வது அழிப்பதுதான். பயமும் வெட்கமும் சேர்ந்து அப்படிச் செய்ய வைக்கின்றன. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கான சாட்சி அந்தக் குப்பைக்குள்தான் இருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது 2003 ஆகஸ்டில். அப்போது சோபிக்-எஃப் என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. 'தேங்க் யூ', 'ரீ: டீடெய்ல்ஸ்' என்று தலைப்பு, உள்ளே ஒரு வரி, கூடவே பிஃப் அல்லது எஸ்சிஆர் என்று முடியும் ஒரு ஃபைல். ஒவ்வொரு மெயிலும் ஏறத்தாழ 100 கேபி. இன்று அது ஒன்றுமே இல்லை. அன்று எங்களுக்கு டயல்-அப்தான். மழை நாளில் போன் லைன் கரகரவென்று இரைந்துகொண்டிருக்கும்போது ஒரு மெயில் இறங்கவே அரை நிமிடம் பிடிக்கும். ஒரு தேயிலை ஃபேக்டரி அலுவலகத்தில் முந்நூறு மெயில் வரிசையில் நின்றது. அதற்குப் பின்னால் ஏலத்துக்கு முன் புரோக்கர் அனுப்பிய விலை விவரம் மாட்டிக்கொண்டிருந்தது.

அதைவிட அந்த முதலாளியை வாட்டியது வேறு. 'நீங்கள் அனுப்பிய மெயிலில் வைரஸ் இருந்தது' என்று முன்பின் தெரியாத கம்பெனிகளிலிருந்து எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. அவர் ஒவ்வொரு வாங்குபவருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கம்ப்யூட்டரை இரண்டு முறை சோதித்தேன், சுத்தமாக இருந்தது. சோபிக் தான் புகுந்த கம்ப்யூட்டரில் கிடைக்கிற முகவரிகளையெல்லாம் திரட்டி, அதில் ஒருவர் பெயரைத் திருடி இன்னொருவருக்கு அனுப்பும். வைரஸ் பிடித்தது இவரையும் வாங்குபவர்களையும் அறிந்த யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரை. பழி விழுந்தது இவர் மேல். பெரிய கம்பெனிகளின் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள், 'அனுப்புநர்' என்று எழுதியிருந்ததை அப்படியே நம்பித் தானாகப் பதில் போட்டதால் குப்பை இன்னும் பெருகியது. செப்டம்பர் 10-ஆம் தேதியோடு பரவுவதை நிறுத்திக்கொள்ளும்படிதான் அந்த வைரஸை எழுதியிருந்தார்கள். ஆனால் அதற்குள் அந்த மனிதர் செய்யாத தப்புக்கு நாற்பது பேரிடம் தலைகுனிந்துவிட்டார்.

கோத்தகிரியில் அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்து, என்னுடைய லேப்டாப்பில் அவருடைய மெயிலைத் திறந்தேன். பெரும்பாலானவை 'மெயிலர் டீமன்' அனுப்பியவை, அதாவது போய்ச்சேராமல் திரும்பியவை. அவற்றில் ஒன்றைத் திறந்து படித்தோம். எழுத்தைப் படிப்பதால் ஆபத்தில்லை, இணைப்பை மட்டும் தொடக்கூடாது. அடியில் மூல மெயில் இருந்தது. 'பில் இணைக்கப்பட்டுள்ளது, பாஸ்வேர்ட் 4471' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, ஜனவரியில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் கேட்டிருந்த கேள்வி: "குழந்தைக்கு ராத்திரியில் வெந்நீர் கிடைக்குமா?" அதற்கு அக்கா எழுதிய பதிலும் அப்படியே இருந்தது.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது நான் எழுதினதுதான் தம்பி."

அதே மாதிரி இன்னும் பத்தைத் திறந்தோம். பத்தும் வெவ்வேறு விருந்தினரோடு நடந்த பழைய பேச்சுகள். இதுதான் துப்பு. ஒரே ஒருவருடைய பேச்சு மட்டும் வந்திருந்தால், திருட்டு அந்த விருந்தினரின் கம்ப்யூட்டரில் நடந்திருக்கலாம். பத்து பேருக்கும் பொதுவானவர் அக்கா ஒருவர்தான். 'சென்ட்' பகுதியில் மட்டும் எதுவும் இல்லை. மெயில் எந்த வழியாக வந்தது என்று பதிவாகியிருக்கும் ஹெடரைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. மெயில்கள் புறப்பட்டது வேறெங்கோ உள்ள சர்வர்களிலிருந்து. பழைய மெயில்களை லேப்டாப்பிலிருந்து திருடிக்கொண்டுபோய், இவர் பெயரில் வெளியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். எமோடெட் என்ற வைரஸ் இந்த வழியில் பெரும் நாசம் செய்தது. 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீசார் சேர்ந்து அதை முடக்கினார்கள், நவம்பரிலேயே மறுபடி தலைதூக்கியது. அந்த உத்தியை இன்று பலரும் கையாள்கிறார்கள். தெரிந்தவரின் பழைய பேச்சு கீழே இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? இணைத்து அனுப்பும் ஜிப் ஃபைலுக்கு, அதாவது சுருக்கிக் கட்டிய ஃபைலுக்கு, பாஸ்வேர்ட் போடுவதும் காரணத்தோடுதான். வழியில் உள்ள வைரஸ் தடுப்பால் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது.

எப்படிப் புகுந்தது என்று கேட்டதற்கு அக்காவுக்கு நினைவு வந்தது. இரண்டு நாளுக்கு முன் 'புக்கிங் விவரம்' என்று ஒரு ஜிப் வந்திருந்தது. "திறந்தேன் தம்பி, ஆனா ஒண்ணும் வரலையே!" கிளிக் செய்தும் ஒன்றும் திறக்கவில்லை என்றால் தயவுசெய்து அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். அந்த ஃபைலை நான் பார்த்தேன். பிடிஎஃப் படம் ஒட்டியிருந்தது, பெயரும் பிடிஎஃப் என்றே முடிந்தது. ஃபைல் எந்த வகை என்று சொல்லும் பெயரின் கடைசிப் பகுதியை (எக்ஸ்டென்ஷன்) விண்டோஸ் வழக்கமாக மறைத்தே காட்டும். அதைக் காட்டச் சொன்னதும், பிடிஎஃப் என்பதற்குப் பின்னால் இன்னொரு புள்ளியும் 'இஎக்ஸ்இ'யும் தெரிந்தன. அப்படி முடிந்தால் அது படிக்கிற ஃபைல் இல்லை, கிளிக் செய்ததும் ஓடுகிற புரோகிராம். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'வியூ', பிறகு 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. இன்றைக்கே உங்கள் கம்ப்யூட்டரில் அதை டிக் செய்துவையுங்கள். 2000 மே மாதம் வந்த 'ஐ லவ் யூ' வைரஸும் இந்த மறைவில்தான் ஒளிந்து வந்தது.

பாஸ்வேர்டை உடனே மாற்றத் துடிப்பீர்கள். வைரஸ் உள்ள கம்ப்யூட்டரில் மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் திருடன் கைக்கே போகும். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பிறகு சுத்தமான வேறொரு போனிலிருந்து மாற்றி, மற்ற எல்லா இடங்களிலும் லாக்-அவுட் செய்து, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்கள் மெயில் வேறு யாருக்காவது தானாக ஃபார்வர்ட் ஆகிறதா என்றும் செட்டிங்ஸில் பாருங்கள். அக்காவின் லேப்டாப்பில் தேவையான போட்டோக்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபார்மட் செய்தேன். இந்த நிலையில் வெறும் ஸ்கேனை நான் நம்புவதில்லை.

அக்காவுக்குச் சொந்த டொமைன் உண்டு, அதாவது வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் சொந்தப் பெயர். ஆனால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எதையும் யாரும் அமைத்துக் கொடுக்கவில்லை. இந்தப் பெயரில் வரும் மெயில் நிஜமானதா என்று வாங்குகிற சர்வர்கள் சரிபார்க்க உதவும் பதிவுகள் அவை. அமைக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள்.

திரும்பி வந்த மெயில்களாக இல்லாமல், நீங்கள் சேராத எத்தனையோ வெப்சைட்டுகளிலிருந்து 'பதிவு செய்ததற்கு நன்றி' என்று ஒரே நேரத்தில் கொட்டினால், அது வேறு வகை வெள்ளம். பேங்க் அனுப்பும் எச்சரிக்கை உங்கள் கண்ணில் படாமல் இருக்கவே அதைக் கொட்டுவார்கள். அப்போது முதலில் பார்க்க வேண்டியது பேங்க் கணக்கை. பணம் போயிருந்தால் பேங்குக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே போன் செய்யுங்கள்.

அன்று மத்தியானம் வேலை முடிந்தபின் கடினமான ஒன்று மிச்சம் இருந்தது. விருந்தினர் அனுப்பிய ஆதார் நகல்கள் மூன்று வருடமாக அந்த மெயிலிலேயே கிடந்தன. "இதைச் சொன்னா இனி யாரு தம்பி நம்ம வீட்டுக்கு வருவாங்க?" என்று அக்கா தயங்கினார். தேயிலை ஃபேக்டரி முதலாளி செய்யாததற்கு மன்னிப்புக் கேட்ட கதையைச் சொன்னேன். இங்கே நடந்தது நிஜம், அதனால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றேன். நகல்கள் திருட்டுப் போயிருக்கலாம், ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள், என் பெயரில் பில் வந்தால் திறக்காதீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். முதல் போன், வெந்நீர் கேட்ட அந்தச் சென்னைக் குடும்பத்துக்கு.