தின்ஷனகஸ்: இடத்துக்குப் பெயர் வந்த கதை

ஓர் இடத்தின் பெயரையும், அந்தப் பெயர் வந்த கதையையும் பிரிக்காமல் ஒன்றாகவே சொல்லும் மரபு அயர்லாந்தின் ஐரிஷ் மொழியில் உண்டு. அதற்குத் தின்ஷனகஸ் என்று பெயர். இதிலுள்ள ககரத்தைப் 'பகல்' என்பதில் வருவதுபோல, இன்னும் கொஞ்சம் தொண்டையிலிருந்து சொல்ல வேண்டும்.

சொல்லைப் பிரித்தால் தின், ஷனகஸ் என்று இரண்டு. பழைய ஐரிஷில் தின் என்பது மேடு, குன்று, பேர்பெற்ற இடம். ஷனகஸ் என்பது குலவரிசை, சட்டம், வரலாறு, கதை எல்லாம் அடங்கிய பழஞ்செய்தி. அதற்குள் இருக்கும் 'ஷன்' என்பதற்குப் 'பழைய' என்று பொருள். கிழவரைக் குறிக்கும் லத்தீன் 'செனெக்ஸ்' இதற்கு உறவு. இன்றைய பேச்சில் சும்மா உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதும் ஷனகஸ்தான்.

'ஃபிலி' எனப்பட்ட இடைக்காலப் புலவர்கள் இந்தக் கதைகளைப் பாடமாகவே படித்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் லென்ஸ்டர் சுவடி என்ற ஐரிஷ் கையெழுத்துத் தொகுப்பில் இவை பாட்டாகவும் உரைநடையாகவும் தொகுக்கப்பட்டுள்ளன. பாய்ன் ஆற்றின் கதையை எடுத்துக்கொள்வோம். ஹேசல் மரங்கள் சூழ்ந்த ஒரு மந்திரக் கிணறு. அதன் உரிமையாளன் நெக்டனும் அவனுடைய பணியாளர்களும் தவிர வேறு யாரும் அதை நெருங்கக் கூடாது. அவன் மனைவி போவின் துணிந்து அதை வலமாக அல்லாமல் இடப்புறமாகச் சுற்றுகிறாள். கிணறு பொங்கி அவளைக் கடல்வரை துரத்துகிறது. தண்ணீர் ஓடிய தடமே ஆறு. ஆற்றுக்கு அவள் பெயர்.

இதை வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2ஆம் நூற்றாண்டிலேயே புவியியலாளர் தாலமி இந்த ஆற்றை 'பூவிந்தா' என்று குறித்திருக்கிறார். 'வெள்ளைப் பசு' என்பதே அதன் மூலப்பொருள் என்று மொழியியலாளர் கருதுகிறார்கள். சுவடியில் உள்ள கதைகளில் பல, பெயர் நிலைத்த பிறகு அதற்கேற்பக் கட்டியவை. ஆனால் எந்தக் கரையில் என்ன மரம், எந்தக் குன்றில் யார் கூடினார்கள் என்பதெல்லாம் இந்தக் கட்டுக்கதைகளோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

கதையே இல்லாத சாதாரணப் பெயரும் நிலத்தைப் பற்றி ஏதாவது சொல்லும். டெரி நகரத்தின் ஐரிஷ் பெயருக்கு ஓக் மரக்காடு என்று பொருள். க்ளான்மெல், தேன் புல்வெளி. கில்டேர், ஓக் மரத்துத் தேவாலயம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தில் காடு என்று மிஞ்சியது மொத்த நிலத்தில் சுமார் 1 விழுக்காடுதான். மரம் போன பல இடங்களில் மரத்தின் பெயர் மட்டும் நிற்கிறது.

அப்புறம் ஆங்கில எழுத்து வந்தது. பல பெயர்கள் முன்பே பத்திரங்களில் திரிந்திருந்தன. 1824இல் தொடங்கிய நில அளவை அவற்றை வரைபடத்தில் நிலைநிறுத்தியது. அந்த அளவைக்காகப் பெயராய்வு செய்த ஜான் ஓ'டோனவன் ஊர் ஊராகப் போய், பெரியவர்களிடம் உச்சரிப்பைக் கேட்டு, பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டார். மூல ஐரிஷ் வடிவங்களையும் குறித்துவைத்தார். ஆனாலும் வரைபடத்தில் அச்சானது ஆங்கில வடிவம். விளைவைக் 'கில்' என்று தொடங்கும் பெயர்களில் பார்க்கலாம். ஐரிஷில் தேவாலயத்துக்கு ஒரு சொல், காட்டுக்கு வேறொரு சொல். ஆங்கிலத்தில் இரண்டும் 'கில்' ஆகிவிட்டன. கில்மோர் என்றால் பெரிய தேவாலயமா, பெரிய காடா? ஊர்க்காரர் உச்சரிப்பும் பழைய ஆவணமும் இல்லாமல் சொல்ல முடியாது. இன்று அயர்லாந்துக் குடியரசின் சாலைப் பலகைகளில் மேலே சாய்வெழுத்தில் ஐரிஷ் பெயரும் கீழே ஆங்கிலப் பெயரும் இருக்கும். ஐரிஷ் பேசும் கெய்ல்டக்ட் பகுதிகளில் ஐரிஷ் மட்டும்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தலபுராணம் என்றதும் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் அது கோயிலைச் சுற்றியது. தின்ஷனகஸுக்கு ஆறு, சதுப்பு, மேடு எல்லாம் கணக்கு. இடப்பெயராய்வு என்பது நவீன ஆய்வுத் துறையின் பெயர், அதில் கதைக்கு இடமில்லை. ஊர்ப்பெயர்க் கதை என்றால் ஆறும் குன்றும் விடுபடும். தொல்காப்பியம் சொல்லும் எட்டு வனப்புகளில், அதாவது நூல் வகைகளில், ஒன்று தொன்மை, 'உரையொடு புணர்ந்த பழமை'. பாட்டும் உரைநடையுமாக வரும் ஐரிஷ் தொகுப்புக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆகவே தின்ஷனகஸுக்கு 'இடத்தொன்மை' என்பது என் தேர்வு. பொதுவான கட்டுரையில் முதல் முறை 'இடப்பெயர்க் கதைமரபு' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு இடத்தொன்மை என்று ஆளலாம். இந்தப் பழஞ்செய்திகளைச் சொல்பவரை ஐரிஷில் 'ஷனகீ' என்பார்கள். அவருக்குக் கதைசொல்லி என்ற வழக்கமான சொல்லே போதும்.