ஃப்ளஷ் டேங்கில் ஓடிய மீட்டர்

சென்னையில் மேடவாக்கம் பக்கம் ஒரு தனி வீடு. ஓய்வுபெற்ற டீச்சரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் மட்டும்தான் இருக்கிறார்கள். ஏசி கிடையாது. ஒரு கோடையில் அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, மீட்டர்ல ஏதோ கோளாறு. ரெண்டு பேருக்கு 526 யூனிட்டாம். மீட்டரையே மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை வந்து பாரேன்."

இருபது வருடத்துக்கு மேலாக ஒயரிங், மோட்டார், பிளம்பிங் மூன்றும் பார்க்கிறேன். மீட்டர் பழுதாகி யூனிட் ஏறிய வீடு மிகவும் அபூர்வம். மீட்டர் சரியாகத்தான் எண்ணும். வீட்டுக்குள் எங்கோ நமக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும்.

526 என்ற எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்குப் பாதி அளவு மானியம் கிடைத்தது. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த மானியம் போய்விடும். அதிலேயே இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். தாண்டிய பிறகு 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய் 55 காசு. அதனால் 526-லிருந்து 30 யூனிட் குறைப்பதும் 400-லிருந்து 30 யூனிட் குறைப்பதும் ஒன்றல்ல.

டீச்சரம்மா வீட்டில் செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம். காசு செலவே இல்லை. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். 3200 என்றால், விளக்கு 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் இடையே எத்தனை நொடி என்று பாருங்கள். 1125-ஐ அந்த நொடியால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். மீட்டரில் 1600 என்று இருந்தால் 2250-ஐ வகுக்க வேண்டும். மீட்டரைத் தொட வேண்டாம், அதில் உள்ள மின்வாரிய முத்திரையைத் தொடவே கூடாது. எட்ட நின்று பார்த்தாலே போதும்.

ஃபேன், லைட், டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி குறைந்தால் மோட்டாரைத் தானாகப் போடும் ஆட்டோமேட்டிக் பாக்ஸை மட்டும் விட்டுவைத்தோம். எல்லாம் அணைத்த வீட்டில் விளக்கு 25 நொடிக்கு ஒரு தடவை மினுக்கியது. 45 வாட். "எதுவுமே ஓடலியே தம்பி" என்றார் அவர். இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வைஃபை மோடம் இருந்தது. டிவிக்குக் கீழே செட்டாப் பாக்ஸ், ரிமோட்டில் அணைத்தபடி, தொட்டால் சூடாக இருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கியதும் மினுக்கல் 32 நொடிக்குத் தள்ளிப்போனது. அந்தப் பெட்டி மட்டும் 10 வாட். நாளெல்லாம் சும்மா கிடந்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்.

பேசிக்கொண்டே பத்து நிமிடம் நின்றிருப்போம். விளக்கு திடீரென்று வேகமெடுத்தது. நொடிக்கு ஒரு மினுக்கல். பின்பக்கம் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்திருந்தது. யாரும் குழாயைத் திறக்கவில்லை, துணி துவைக்கவில்லை. தொட்டித் தண்ணீர் எங்கே போனது?

குழாய்களைச் சுற்றிப் பார்த்தேன், எதுவும் சொட்டவில்லை. சொட்டு நீலம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, மாடி பாத்ரூம் ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து நாலு சொட்டு விட்டேன். ஃப்ளஷை அழுத்தாமல் இருபது நிமிடம் காத்திருந்தோம். பீங்கானின் பின்சுவர் வழியாக, மெல்லிய கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை, சொட்டு இல்லை. நீலம் விடாமல் இருந்தால் ஒரு நாளும் கண்ணில் பட்டிருக்காது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர், போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்து கல்லாக இறுகிப்போயிருந்தது. புது வாஷர் நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

டேங்க் நிரப்பும் வால்வை மூடிவிட்டு, மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று முன்பே அளந்திருந்தேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர். ஒரு நாளைக்கு 720 லிட்டர். அதை மேலே ஏற்ற அந்த ஒரு குதிரைச்சக்தி மோட்டார் தினமும் இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதலாக ஓடியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 27 யூனிட் வரை. அடுத்த கணக்கெடுப்பில் அவர்களுக்கு 478 வந்தது.

நான் போகிற வீடுகளில் எல்லோரும் கரண்டைத் தனியாகவும் தண்ணீரைத் தனியாகவும் நினைக்கிறார்கள். மோட்டார் வைத்த வீட்டில் இரண்டும் ஒரே கணக்குதான். சொட்டும் ஒவ்வொரு குழாயும் மீட்டரில் ஓடுகிறது. சமையலறைக் குழாய் சொட்டினால் அடியில் ஒரு டம்ளரை வைத்து நேரம் பாருங்கள். 200 மில்லி டம்ளர் இருபது நிமிடத்தில் நிரம்பினால் நாளுக்கு 14 லிட்டருக்கு மேல். குழாயை இன்னும் இறுக்கித் திருகி நிறுத்தப் பார்க்காதீர்கள். இறுக்க இறுக்க வாஷர் நசுங்கும், அடுத்த வாரம் முன்பைவிட அதிகமாகச் சொட்டும். மேல்தொட்டி நிரம்பி வழிவதும் அப்படித்தான். வழியும் குழாயை நேராகச் சாக்கடையில் இறக்கிவிட்டால் வழிவது யாருக்கும் தெரியாது. அதைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஒரு செடிக்கு மேலே விடச் சொல்லுங்கள்.

இனி ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் அளவுக்கு இழுக்கும். குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் ஓடும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். ஆனால் வீட்டில் உள்ள எல்லா ஃபேனையும் மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். புது ஃபேனுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஹாலில் நாளெல்லாம் ஓடுவதையும் படுக்கையறையில் விடியவிடிய ஓடுவதையும் மாற்றுங்கள், போட்ட காசு வந்துவிடும். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடுகிற ஃபேன் அப்படியே இருக்கட்டும். மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்காக ஃபேனைத் தூக்கிப் போடுவது இன்னொரு தவறு. பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். ஐம்பது, நூறு ரூபாயில் முடிகிற வேலை. சுவிட்ச் போர்டில் பெரிய பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் இருந்தால், ஃபேனைக் குறைத்து வைத்துவிட்டு அதன் மேல் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடு முழுக்க நீங்கள் காசு கொடுக்கிற கரண்ட். அதை எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக மாற்றிவிடலாம்.

கீஸர் 15 லிட்டர், 2000 வாட் என்றால் கால் மணி நேரத்தில் தேவையான சூடு வந்துவிடும், அரை யூனிட்தான் ஆகும். காலையில் போட்டுவிட்டு மறந்துபோகிற வீடுகளில்தான் அது பில்லைத் தூக்குகிறது. வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் உள்ளே காயிலில் உப்பு படிந்திருக்கும், சுத்தம் செய்ய ஆளைக் கூப்பிடுங்கள். ஏசிக்கு ஒன்றே ஒன்று: 24, 26-க்கு வைத்து மேலே ஃபேனையும் ஓடவிடுங்கள். ஏசியிலிருந்து வடியும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அது சுத்தமான தண்ணீர் இல்லை. காயிலின் தூசியும் உலோகமும் கலந்தது, பேட்டரியின் ஆயுள் குறையும். வீடு துடைக்க, ஃப்ளஷில் ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ கழிவுத் தண்ணீருக்கும் அதே உபயோகம். சென்னைப் புறநகர் போர் தண்ணீரில் ஆர்ஓ வைத்தால் கழிவில் உப்பு இன்னும் கூடித்தான் வரும், தினமும் தொட்டிச் செடிக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும்.

ஒன்றைக் கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பிளக்கில் சொருகினால் பில் பாதியாகக் குறையும் என்று ஒரு டப்பாவை விற்கிறார்கள். நாலைந்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு சின்னக் கண்டென்சர், எரிவதற்கு ஒரு பல்ப். வீட்டு மீட்டர் எண்ணுவது யூனிட்டை, அந்தக் கண்டென்சரால் யூனிட் குறையாது. பென்ஷனில் வாழ்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், அதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. உங்கள் தெருவில் வயதானவர்கள் இருந்தால் சொல்லி வையுங்கள்.

கடைசியாக மழை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது தினமும் எனக்கு ஒரே வேலை, போரில் மோட்டாரை இன்னும் இருபது அடி, நாற்பது அடி இறக்குவது. நீர்மட்டம் இறங்க இறங்க அதே ஆயிரம் லிட்டரை ஏற்ற மோட்டார் கூடுதல் நேரம் ஓடும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். சென்னையில் ஒரு வருடத்துக்கு 1300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. வழியில் போவதைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் உங்கள் மாடியிலிருந்து மட்டும் மண்ணுக்குள் இறங்கலாம்.

2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மாடித் தண்ணீரை இறக்க அன்றைக்குப் போட்ட குழாயும், அதை வடிகட்டி மண்ணுக்குள் விடும் மணல் தொட்டியும் பெரும்பாலான வீடுகளில் இன்னும் இருக்கின்றன. மூடியைத் திறந்தால்தான் தெரியும், மேல்மணல் சேறாகி இறுகி, தண்ணீர் இறங்காமல் தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கும். டீச்சரம்மா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மேலே ஒரு சாண் மணலை அள்ளி எடுத்துவிட்டு, கழுவிய மணலைக் கொட்டினோம். அரை நாள் வேலை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், புரட்டாசி முடிவதற்குள் உங்கள் வீட்டு மழைநீர்த் தொட்டி மூடியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.