இரக்கம் எப்படி வற்றுகிறது?

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. செல்போன் பறிப்பு வழக்கில் சிக்கிய இருபது வயதுப் பையனின் வீட்டை விசாரிக்க வந்திருக்கிறார், சிறைக்கு அனுப்பாமல் திருந்த விடலாமா என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலர். "மேடம், எம்புள்ளைய புழலுக்கு அனுப்பிடாதீங்க" என்று அம்மா கையைப் பிடித்துக்கொள்கிறார். அலுவலர் முகத்தில் எதையும் காட்டாமல் வாடகை எவ்வளவு, அப்பா குடிப்பாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.

உணர்ச்சியை அடக்கி வைப்பதும் உழைப்புதான். அதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்து 1983-இல் எழுதினார் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட். உள்ளே ஒன்றும் முகத்தில் வேறொன்றுமாக இருக்க வேண்டிய வேலைகளில் ஆட்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். பணிச்சோர்வு என்பது இதைத்தான்.

இந்த வேலையில் அது இரட்டிப்பாகிறது. 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, ஒழுங்காக இருப்பேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்து வெளியே வந்தவரைக் கண்காணிப்பதும் இவர்தான், வேலை தேடித் தர முயல்வதும் இவர்தான். 'மறுபடி பழைய சேர்க்கைக்குப் போயிட்டேன்' என்று பையன் நம்பிச் சொன்னால், அதை நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவரும் இவரே. அந்த அறிக்கையின் பேரில் பிடிவாரண்ட் வரலாம்.

இந்த அழுத்தம் உடம்பில் என்ன செய்கிறது? ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டதும் அங்குள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி வழியாகச் செய்தி போய் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை விடுகிறது. ஆபத்து நீங்கினால் அதே கார்ட்டிசால் மூளைக்குத் திரும்பி 'போதும்' என்று சொல்ல, சுரப்பு அடங்கும். ஆனால் கேஸ் முடிவதே இல்லை என்றால்? எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி மாதிரி, வண்டி நகராமலே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்கம் கெடுகிறது. நிதானமாக யோசிக்க உதவும் முன்மூளைப் பகுதியின் பிடி தளர்கிறது.

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் 1981-இல் வெளியிட்ட அளவுகோல் இந்தப் பணிச்சோர்வை மூன்றாகப் பார்க்கிறது. முதலாவது, உணர்ச்சி வறட்சி. அடுத்து, ஆளை ஆளாகப் பார்க்காமல் போவது. பையன் பெயர் மறந்து 'அந்தப் பறிப்பு கேஸ்' ஆகிவிடுகிறான். இதைக் கல்நெஞ்சம் என்று திட்டுவது அநியாயம். இனி வலி வேண்டாம் என்று மனம் தனக்குப் போட்டுக்கொண்ட வேலி அது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்துவது: நாம் செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். திருந்தியவன் காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போய்விடுகிறான், ஆபீஸ் பக்கம் வருவதில்லை. தவறியவன் மட்டும் புது கேஸோடு திரும்பி வருகிறான். தோற்றவை மட்டுமே கண்ணில் பட்டால் எவருக்குத்தான் நம்பிக்கை நிற்கும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் முறையாகக் கையாளப்படாததால் வருவது என்றது. அப்படியானால் மருந்தும் வேலையிடத்தில்தான் இருக்க வேண்டும். யோகா, மூச்சுப்பயிற்சி உடம்பைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். சுமை அதிகம், முடிவெடுக்கும் அதிகாரம் குறைவு என்ற கூட்டுதான் மிகவும் அழுத்துகிறது என்று 1979-இலேயே காட்டினார் ஆய்வாளர் ராபர்ட் காரசெக். ஓர் அலுவலருக்கு எத்தனை கேஸ் என்பதற்கு வரம்பு வேண்டும். குறை கண்டுபிடிக்காமல் கேட்கிற மேலதிகாரி வேண்டும். பாண்டு காலம் முடித்து வேலைக்குப் போகிறவர்களின் பட்டியலும் மாதாமாதம் அலுவலர் மேஜைக்கு வர வேண்டும்.