பழைய காருக்குப் புது எஞ்சின் போடும் முன்

மொரிஸ் மைனரையோ ஒஸ்டின் கேம்பிரிட்ஜையோ புதுப்பிக்கும் ஆசையோடு கராஜுக்கு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணா, இதுக்கு என்ன எஞ்சின் போடலாம்?" என்பதுதான். அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரியும். பழைய காரின் போனட்டைத் திறந்தால் எனக்கும் நேரம் போவது தெரியாது. ஆனாலும் அவர்களிடம் எஞ்சின் கதையை அப்புறம் பேசுவோம் என்று சொல்லிவிட்டு, முதலில் காரை ஜக்கில் ஏற்றி அடியைப் பார்ப்பேன்.

மைனரையே எடுங்கள். 948 சிசி எஞ்சினின் வலு 37 குதிரை. நாலு சக்கரத்துக்கும் 7 அங்குல டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் வட்டப் பெட்டியை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக். 1962இல் எஞ்சினை 1098 சிசி ஆக்கி 48 குதிரைக்கு உயர்த்தியபோது, முன் டிரம்மையும் 8 அங்குலமாகப் பெருப்பித்தார்கள். வெறும் 11 குதிரை கூடியதற்கே கம்பனி பிரேக்கைத் தொட்டது. நம் திருகோணமலைப் பிள்ளைகளோ டட்சன் 1200இன் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் மைனருக்குள் பூட்டிவிட்டு, அதே 7 அங்குல டிரம்மோடு ஹபரணைப் பக்கம் பறக்கப் பார்க்கிறார்கள். 40இல் போகும் காரை நிறுத்தத் தேவையான தூரத்தைப் போல, 80இல் போனால் பிரேக் பிடித்த பிறகு நாலு மடங்கு தூரம் வேண்டும். நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம் முழுவதையும் டிரம்தான் தாங்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கார்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஒயில் சுற்றுதான். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரைக்குப் போய்விடும், ஒரு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று இரும்புக் குழாயை வெளியிலிருந்து அரிக்கிறது. ஈரத்தை இழுக்கும் பழைய பிரேக் ஒயில் உள்ளிருந்து அரிக்கிறது. பெடலை மிதித்ததும் ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காதவரை அதன் நிலை யாருக்கும் தெரியாது. குழாய்களை நிக்கல் கலந்த செம்பில் மாற்றுங்கள், உப்பு அதை லேசில் தின்னாது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒயிலை முழுதாக மாற்றுங்கள். எஞ்சின் வலுவைக் கூட்டுவதென்றால் முன்னுக்கு டிஸ்க் பிரேக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் போடாமல் றோட்டில் இறக்காதீர்கள்.

முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டையும் சொல்ல வேண்டும். திருகுப் புரி உள்ள மூட்டு அது, கிறீஸ்தான் அதற்கு உயிர். கிறீஸ் காய்ந்து புரி தேய்ந்தால் மூட்டு கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். பின்பக்க ஸ்பிரிங் வில்லைப் பிடிக்கும் இடமும் துருப்பிடிக்கும். அங்கே பேஸ்ட் பூசி பெயின்ட் அடித்துக் கொடுப்பவரை நம்பாதீர்கள். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். சீற் பெல்ட் பூட்டுகிற இடத்தையும் அப்படியே தட்டிப் பாருங்கள்.

வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய காரை ஹொட் றொட் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நெருப்புக் கக்கும் எஞ்சின்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. 1930களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வண்டி ஓட்டிய பொடியன்கள் எஞ்சினோடு நிற்கவில்லை. 1932 போர்ட் வி8இல் கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக்தான் இருந்தது. 1939இல் போர்ட் ஒயில் பிரேக்குக்கு மாறியதும், அவர்கள் அதைக் கழற்றித் தங்கள் பழைய வண்டிகளில் பூட்டத் தொடங்கினார்கள். எனக்கு அந்தப் பொடியன்கள் மேல் பெரிய மரியாதை.

நம் ஊர் றோட்டை யோசியுங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திடீரென்று குறுக்கே வரும். கோணேஸ்வரம் கோயிலில் இருந்து இறங்கும்போது சரிவு, சனம் வேறு. இரவில் நிலாவெளி றோட்டில் மாடுகள் படுத்திருக்கும்.

பழைய பிரேக் லைனிங்கில் நுரையீரலுக்குக் கேடான அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றினால் காற்றழுத்தம் அடித்துத் தூசியைப் பறக்க விடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

எஞ்சின் மாற்றியதும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இலக்கம் பொருந்தாத வண்டி மோதினால் காப்புறுதிக்காரர் கைவிரிக்க இடம் இருக்கிறது. வேலை தொடங்கும் முன்னரே அந்தப் பழைய புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.